உள்ளே குடைந்த காசு: சுங்கை சிப்புட்டிலிருந்து

3 மார்ச் 2024: வாசகர் கேள்வி

அண்ணே, எங்கள் மாமா ஒரு கதை சொல்வார். மலாயாவில் கம்யூனிஸ்டுகளோடு சண்டை நடந்த அவசரகாலத்தில், சுங்கை சிப்புட் பக்கம் காசை இரண்டாகத் திறந்து, உள்ளே சீட்டு வைத்துக் காட்டிலிருந்த கெரில்லாக்களுக்கு அனுப்பினார்களாம். ஐம்பது காசின் கனமே இவ்வளவுதான், அதற்குள் எப்படிச் சீட்டு போகும்? கட்டுக்கதை என்றுதான் நான் நினைக்கிறேன். நீங்கள் லேத்துப் பட்டறை ஆள், நீங்களே சொல்லுங்கள்.

3 மார்ச், இரவு

காட்டுக்கு அனுப்பிய கதையை அப்புறம் பார்ப்போம் தம்பி. காசுக்குள் சீட்டு வைக்க முடியும். வைத்திருக்கிறார்கள், பிடிபட்டும் இருக்கிறது.

1953 ஜூன் 22, நியூயார்க்கில் புரூக்ளின். ஜேம்ஸ் போஸார்ட் என்ற பையன் வீடு வீடாகப் பத்திரிகைப் பணம் வசூலித்துவிட்டு வருகிறான். சில்லறையில் ஒரு ஐந்து சென்ட் காசு மட்டும் கைக்கு இலேசாகப் படுகிறது. கீழே விழுந்ததும் இரண்டாகப் பிளந்துகொண்டது. உள்ளே விரல் நகத்தைவிடச் சின்னதாக ஒரு புகைப்படம். அதில் பத்து வரிசையாக, ஐந்து ஐந்து இலக்கமாகத் தட்டச்சு செய்த எண்கள்.

அமெரிக்கத் துப்பறியும் துறையான எஃப்.பி.ஐ. கைக்குப் போயும் நாலு வருடம் யாராலும் படிக்க முடியவில்லை. 1957 மே மாதம் ரெய்னோ ஹேஹானன் என்ற சோவியத் உளவாளி பாரிசில் அமெரிக்கர்களிடம் சரணடைந்து, சங்கேதத்தின் சாவியைச் சொன்ன பிறகுதான் விடை கிடைத்தது. ஒரு ரஷ்யச் சொல், ஒரு பாட்டு வரி, ஒரு தேதி, அவருக்கென்று ஒரு சொந்த எண், நாலும் சேர்ந்ததுதான் சாவி. அவரை மேய்த்த ருடால்ஃப் ஏபெல் 1957 ஜூன் 21 அன்று கைதானார். பையன் கையிலிருந்து காசு விழுந்து நாலு வருடம் முடிய ஒரு நாள் பாக்கி.

அந்த ஐந்து சென்ட் காசு ஐந்து கிராம் எடை, 21 மில்லிமீட்டர் அகலம். நம் ஐம்பது காசைவிடச் சின்னது அது.

4 மார்ச்

எப்படிச் செய்வது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். முதலிலேயே சொல்லிவிடுகிறேன், புழக்கத்தில் உள்ள காசைச் சிதைப்பது குற்றம். வெறும் பித்தளை வில்லையில் செய்து பாருங்கள்.

காசை விளிம்பில் வைத்து, ரொட்டியைக் குறுக்கே பிளப்பதுபோல இரண்டாக அறுக்க வேண்டும். இரண்டு பாதியையும் உள்ளே குடைந்து திரும்பப் பொருத்த வேண்டும்.

எடைக் கணக்கு இப்படி வரும். பழைய ஐம்பது காசு, நாடாளுமன்றக் கட்டடம் போட்டது, 27.8 மில்லிமீட்டர் அகலம், 9.33 கிராம். நடுவே 22 மில்லிமீட்டர் அகலத்துக்கு 0.8 மில்லிமீட்டர் ஆழம் குடைந்தால் 2.7 கிராம் போய்விடும். மிச்சம் ஆறரை கிராம் சொச்சம். பார்க்கிற கண்ணை ஏமாற்றலாம், நாள் முழுக்கச் சில்லறை எண்ணுகிற மளிகைக்கடைக்காரர் கையை ஏமாற்ற முடியாது.

6 மார்ச்

முந்தாநாள் எழுதியது தப்பு. ராத்திரி படுத்தபிறகுதான் உறைத்தது. விளிம்பில் அறுத்தால் கோடு வெளியே தெரியும். 1971க்குப் பிறகு வந்த ஐம்பது காசின் விளிம்பில் வங்கியின் பெயரே பொறித்திருக்கும், அறுத்தால் எழுத்து நடுவில் வெட்டுப்படும். திறந்து மூட வேண்டிய காசை அப்படிச் செய்யவே கூடாது.

சரியான முறைக்கு இரண்டு காசு வேண்டும். ஒன்றைப் பின்பக்கத்திலிருந்து குடைந்து, முகமும் விளிம்பும் மட்டும் மிஞ்சுகிற கிண்ணமாக ஆக்க வேண்டும். இன்னொன்றின் விளிம்பை லேத்தில் கழித்து, மெல்லிய மூடியாக்கி அந்தக் கிண்ணத்துக்குள் இறக்க வேண்டும். அப்போது இணைப்புக் கோடு விளிம்பின் உள்மடிப்பில் ஒளிந்துகொள்ளும். புரூக்ளின் காசும் இரண்டு காசால் ஆனதுதான். முகம் 1948ஆம் ஆண்டுக் காசு, முதுகு போர்க்காலத்தில், 1942க்கும் 1945க்கும் இடையில், வெள்ளி கலந்து அடித்த காசு. முகத்தில் உள்ள ஓர் எழுத்தில் ஊசிமுனைத் துளை போட்டிருந்தார்கள். ஊசியை விட்டுத் தள்ளினால் மூடி கழன்றுவிடும். ஹேஹானன் வீட்டைச் சோதித்தபோது கிடைத்த பின்லாந்து ஐம்பது மார்க் காசிலும் அதேபோல ஓர் எழுத்துக்குள் துளை.

இதெல்லாம் எனக்கு எப்படித் தெரியும் என்று கேட்பீர்கள். 1982இல் நானே ஒன்று செய்தேன். அப்போது எனக்கு 23 வயது. தோட்டத்து ரப்பர் தொழிற்சாலைப் பட்டறையில் வேலை. மேலாளர் போனபிறகு, 1980ஆம் ஆண்டுக் காசு இரண்டை எடுத்து லேத்தில் ஏற்றினேன். முதல் மூடி தளர்ந்து விழுந்தது. இரண்டாவது சூட்டில் வளைந்துபோனது. ஆறாவது மூடிதான் இறுக்கமாக உட்கார்ந்தது. ஊசித்துளை போடவில்லை. ஒரு வளையத்துக்குள் காசை வைத்து மேசையில் ஓங்கித் தட்டினால் மூடி விழும். மெல்லிய சிகரெட் தாளில் என் பெயரும் அவள் பெயரும் எழுதி உள்ளே வைத்தேன். கல்யாணம் பேசி முடித்திருந்த நேரம்.

கல்யாணமாகி மூன்றாவது மாதம், சில்லறை டப்பாவிலிருந்து அதை எடுத்துக் கொடுத்துத் தேங்காய் வாங்கிவிட்டாள். கடைக்கு ஓடினேன். கடை முதலாளி தவுக்கே கல்லாப்பெட்டியை அப்படியே கவிழ்த்துக் காட்டினார். இல்லை. அதற்குள் யாருக்கோ மீதிச் சில்லறையாகப் போய்விட்டது.

புரூக்ளின் காசும் இப்படித்தான் கை மாறியிருக்கிறது. ஹேஹானனுக்கென்று வந்த காசு அது. அவரே தெரியாமல் செலவழித்தாரோ, எங்காவது தொலைத்தாரோ, சந்தைக்கு வந்துவிட்டது. காசு எங்கேயும் நிற்காது. ஒளித்துவைக்கக் காசைத் தேர்ந்தெடுப்பதில் உள்ள பெரிய ஆபத்து அதுதான்.

10 மார்ச், ஞாயிறு

சரி, அவசரகாலத்துக்கு வருவோம்.

1948 ஜூன் 16 அன்று இங்கே சுங்கை சிப்புட்டில், எல்ஃபில் தோட்டத்திலும் பின் சூன் தோட்டத்திலும் மூன்று வெள்ளைக்காரத் துரைமார்களைக் கம்யூனிஸ்ட் கெரில்லாக்கள் சுட்டார்கள். அதிலிருந்து 1960 ஜூலை 31 வரை அவசரகாலம். தோட்டத் தொழிலாளர் குடியிருந்த லயத்தைச் சுற்றி முள்வேலி, கேட்டில் சோதனை. ரப்பர் மரத்தில் பால் வெட்டப் போகிறவர்களின் தூக்குவாளியைத் திறந்து பார்ப்பார்கள். தேடியது பெரும்பாலும் காட்டிலிருந்த கெரில்லாக்களுக்குப் போகிற அரிசியைத்தான். சைக்கிள் பம்புக்குள்ளே, சைக்கிள் சட்டக் குழாய்க்குள்ளே, பன்றித் தீவன வாளியின் பொய் அடிப்பகுதியிலே அரிசி போனது. இது நம் பெரியவர்கள் எல்லோரும் சொல்வது, நடந்தது.

காசுக்குள் சீட்டு போனதா? எனக்கு நம்பிக்கை இல்லை. சொல்கிறேன் ஏன் என்று. காட்டுக்குள் சீட்டு கொண்டுபோகிறவனுக்குச் சுருட்டிய தாள் போதும், அதை எந்த மடிப்பிலும் செருகலாம், ஆபத்து என்றால் விழுங்கியும்விடலாம். காசைக் குடைய லேத்து வேண்டும், கை தேர்ந்த ஆள் வேண்டும், திறந்த பிறகு மூடத் தெரிந்த ஆள் அந்தப் பக்கமும் வேண்டும். சோவியத் உளவுத்துறையிடம் அதற்கு வசதி இருந்தது, இங்கே யாரிடம் இருந்தது? உங்கள் மாமா பொய் சொல்கிறார் என்று சொல்லவில்லை தம்பி. சைக்கிள் பம்பு கதை ஏதோ ஒரு வாயில் காசுக் கதையாக மாறியிருக்கும்.

11 மார்ச்

நேற்று எழுதியதை அக்காவுக்கு வாசித்துக் காட்டினேன். "அப்போ பாட்டி காசு?" என்றார். நான் அதை மறந்தே போயிருந்தேன்.

பாட்டியிடம் ஒரு பெரிய வெள்ளிக்காசு இருந்தது. வெற்றிலைச் சுருக்குப்பையில் தனி அறையில் கிடக்கும். ஒரு பக்கம் கையில் சூலமும் கேடயமுமாக நிற்கிற பெண். பாட்டிக்கு அது அம்மன். விளக்கு வைக்கும்போது எடுத்துக் கண்ணில் ஒற்றிக்கொள்வார். வெள்ளைக்காரன் நாட்டைப் பெண்ணாகப் போட்ட படம் அது என்று பள்ளிக்கூடத்தில் படித்துவிட்டு வந்து சொன்னேன். "இருக்கட்டும், சூலம் வைச்சிருக்கா இல்ல" என்றார். மறுபக்கம் சீன எழுத்தும், மலாயை அரபு எழுத்தில் எழுதுகிற ஜாவியும். பிரிட்டிஷ் வணிக டாலர், 1895 முதல் 1935 வரை அடித்தது, கிழக்கு ஆசியத் துறைமுகங்களில் ஓடியது. நாம் இன்றும் ரிங்கிட்டை "வெள்ளி" என்று சொல்கிறோமே, அந்தச் சொல்லுக்குப் பின்னால் இந்த மாதிரிக் காசுகள்தான் இருக்கின்றன. ஒரு வெள்ளி என்றால் உண்மையிலேயே ஒரு வெள்ளிக்காசு.

அதை ஆட்டினால் உள்ளே கரகரவென்று சத்தம் வரும். சின்ன வயதில் நான் காதில் வைத்து ஆட்டி அடி வாங்கியிருக்கிறேன். இப்போது அக்கா வீட்டுச் சாமி மேடையில் இருக்கிறது.

17 மார்ச்

பத்தர் கடைத் தராசில் போட்டோம். 18.1 கிராம். இருக்க வேண்டியது 26.95. எவ்வளவு தேய்ந்தாலும் ஒன்பது கிராம் தேயாது.

உள்ளே குடைந்திருக்கிறது. எனக்குக் கை நடுங்கியது.

19 மார்ச்

போலிக் காசாக இருக்கலாமே என்று ஒரு தங்கை எழுதியிருக்கிறார். நியாயமான கேள்வி. ஈப்போ ஞாயிற்றுச் சந்தையில் இந்தக் காசின் போலிகளைக் கொத்துக்கொத்தாக விற்கிறார்கள். காந்தத்தில் ஒட்டவில்லை, ஆனால் போலியும் பல ஒட்டாது. தட்டினால் மணிச்சத்தம் வராமல் "டொக்" என்கிறது. குடைந்த காசும் அப்படித்தான் ஒலிக்கும், போலியும் அப்படித்தான் ஒலிக்கும். ஒன்றும் தீரவில்லை.

24 மார்ச்

தண்ணீரில் பார்த்தேன். வீட்டில் யாரும் செய்யலாம். தராசில் ஒரு தம்ளர் தண்ணீரை வைத்து எண்ணைச் சுழியாக்க வேண்டும். காசை நூலில் கட்டி, அடியில் படாமல் தண்ணீருக்குள் தொங்கவிட வேண்டும். தராசு காட்டுகிற எண்தான் காசு பிடிக்கிற இடம், கன சென்டிமீட்டரில். 2.6 வந்தது. நல்ல காசுக்கும் அதுதான் வர வேண்டும், ஆக அளவு சரி. 18.1ஐ 2.6ஆல் வகுத்தால் ஏழு, அதாவது ஒரு கன சென்டிமீட்டருக்கு ஏழு கிராம். இந்தக் காசின் வெள்ளிக்குப் பத்துக்கு மேல் வர வேண்டும்.

ஆனால் துத்தநாகமும் ஏறக்குறைய ஏழுதான். திரும்பவும் போலி என்ற சந்தேகத்திலேயே வந்து நிற்கிறது.

பத்தர்தான் வழி காட்டினார். உரைகல்லில் விளிம்பை நாலு முறை ஒரே இடத்தில் உரசினார். முலாம் என்றால் இரண்டாவது மூன்றாவது உரசலில் உள்ளே இருக்கிற உலோகம் பல்லைக் காட்டிவிடும். நாலுமே வெள்ளிக் கோடு. காசு நிஜம்தான். அப்புறம் லென்ஸைக் கண்ணில் செருகிக்கொண்டு விளிம்பைச் சுற்றிச் சுற்றிப் பார்த்துவிட்டு என்னிடம் நீட்டினார். விளிம்பின் பல்வெட்டுக்கு நடுவே முடிபோல ஒரு கோடு, முழுச் சுற்றுக்கும்.

31 மார்ச்

ஒரு வாரமாக அந்தக் கோட்டையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். 4ஆம் தேதி எழுதிவிட்டு 6ஆம் தேதி நானே தப்பு என்று சொன்ன முறை. விளிம்பில் அறுத்த காசு. திறந்து மூடுவதற்கென்று செய்கிறவன் அப்படிச் செய்ய மாட்டான்.

புத்தாண்டுக்கு அக்கா வீட்டில் எல்லோரும் கூடும்போது திறக்கலாம் என்று முடிவு. அதுவரை, அந்தப் புரூக்ளின் சீட்டில் என்ன இருந்தது என்று கேட்டவர்களுக்குப் பதில் எழுதுகிறேன்.

பெரிய அணுகுண்டு ரகசியம் என்று நினைப்பீர்கள். வந்து சேர்ந்ததற்கு வாழ்த்து. தொழில் தொடங்க மூவாயிரம் உள்ளூர்ப் பணம் அனுப்பச் சொல்லியிருக்கிறோம், அதை எதில் போடுவது என்று எங்களைக் கேட்டுக்கொள். பொட்டலம் உன் மனைவியிடம் நேரில் சேர்க்கப்பட்டது, வீட்டில் எல்லோரும் நலம். டிசம்பர் 3. சாரம் இவ்வளவுதான், கூடக் கொஞ்சம் சங்கேதம் பற்றிய குறிப்புகள். ஒரு நாட்டின் சங்கேத நிபுணர்கள் நாலு வருடம் முட்டி மோதியது "வீட்டில் எல்லோரும் நலம்" என்ற வரியை மூடிய சுவரில். அந்த வரி போய்ச் சேர வேண்டிய ஆளுக்குப் போனதா என்றே தெரியவில்லை. ஊரிலிருந்து நம் தாத்தாக்களுக்கு வந்த கடிதங்களை நினைத்துக்கொண்டேன். முதல் வரி அதுதான், அதைத் தோட்ட எழுத்தரான கிராணி படித்துச் சொன்னால் போதும், மிச்சத்தை அப்புறம் கேட்பார்களாம்.

இன்னொன்று. ஏபெலை 1962 பிப்ரவரி 10 அன்று பெர்லின் பக்கம் கிளினிக்கே பாலத்தில் ஓர் அமெரிக்க விமானிக்குப் பதிலாக விடுவித்தார்கள். அந்த விமானி ஃபிரான்சிஸ் கேரி பவர்ஸ். 1960 மே 1 அன்று சோவியத் வானத்தில் சுடப்பட்டு இறங்கியபோது அவரிடமும் குடைந்த வெள்ளி டாலர் ஒன்று இருந்தது. உள்ளே விஷம் தோய்த்த ஊசி, பிடிபட்டால் தன்னையே குத்திக்கொள்ள. அவர் குத்திக்கொள்ளவில்லை. ஒருவரைச் சிக்கவைத்த வழக்கே காசில் தொடங்கியது, மற்றவர் காசிலிருந்த ஊசியோடு சிக்கினார், இரண்டு பேரும் ஒரே பாலத்தில் எதிரெதிரே நடந்து போனார்கள்.

14 ஏப்ரல், புத்தாண்டு

திறந்தாயிற்று. பத்தர் வீட்டுக்கே வந்தார். வெந்நீரில் போட்டு வைத்தார், கொதிக்கவிடவில்லை. கொஞ்ச நேரத்தில் விளிம்பில் செம்பழுப்பாக ஏதோ கசிந்தது. முகர்ந்து பார்த்துவிட்டு "அரக்கு" என்றார். மெல்லிய தகட்டைக் கோட்டில் வைத்துத் திருகினார். இரண்டாக வந்தது.

உள்ளே அரக்குதான். காய்ந்து பொடிந்த அரக்கு. அதுதான் ஐம்பது வருடமாகக் கரகரத்தது. சீட்டு இல்லை, படம் இல்லை, தொப்புள்கொடி இல்லை, ஒன்றும் இல்லை. அக்கா பேரன் அழுதுவிட்டான்.

15 ஏப்ரல்

ராத்திரி முழுக்கத் தூங்கவில்லை.

ரம்பத்தால் அறுத்து, கைச்சுரண்டியால் வழித்திருக்கிறார்கள். லேத்துக் கோடு கிடையாது, சுரண்டிய கீறல்கள்தான். பொற்கொல்லர் வேலை. நகைக்குள் அரக்கு அடைப்பது அவர்கள் வழக்கம். அரக்கின் எடையையும் கழித்துக் கணக்குப் போட்டால், எடுத்த வெள்ளி பத்து கிராம் வரும். எதையோ வைப்பதற்காகக் குடையவில்லை, உள்ளே இருந்ததை எடுப்பதற்காகக் குடைந்திருக்கிறார்கள்.

அப்படியென்றால் யாரோ பாட்டியை ஏமாற்றியிருக்கிறார்கள். மெருகு போடக் கொடுத்திருப்பார், வாங்கினவர் வழித்துக்கொண்டு வெறும் கூட்டைத் திருப்பிக் கொடுத்திருப்பார். பாட்டி 1986இல் இறக்கும்வரை அந்தக் கூட்டைக் கண்ணில் ஒற்றிக்கொண்டிருந்தார். எனக்கு வந்த கோபத்தை இங்கே எழுத முடியாது.

16 ஏப்ரல்

அக்கா ஒன்று சொன்னார். வீட்டில் எல்லாம் அடகுக்கடைக்குப் போயிருக்கிறது, தோடு, வெள்ளிக்கொலுசு, ஒருமுறை தாலிக்கொடிகூட. காசு மட்டும் போகவே இல்லை. கேட்டால் "அம்மனை அடகு வைக்கக் கூடாது" என்பாராம்.

அடகுக்கடையில் தராசு இருக்கும்.

21 ஏப்ரல், ஞாயிறு

கோலகங்சாருக்குப் போய் அத்தையைப் பார்த்தேன். அப்பாவுக்கு மூத்தவர், 91 வயது. காது மந்தம், ஞாபகம் சுத்தம். திறந்த காசை உள்ளங்கையில் வைத்தேன். விரலால் தடவிப் பார்த்துவிட்டு, "யாரு தொறந்தது?" என்றார். அவருக்குத் தெரிந்தே இருந்திருக்கிறது.

அவர் சொன்னது இது. மலாயாவை ஜப்பான்காரன் ஆண்ட காலத்தில் தாத்தாவைச் சயாம் (தாய்லாந்து) ரயில் பாதை வேலைக்குப் பிடித்துக்கொண்டு போனார்கள். போகிற அன்று பாட்டி கையில் அந்தக் காசை வைத்து, நான் வரும்வரை இதை விற்காதே என்றாராம். அடுத்த மழைக்காலத்தில் அப்பாவுக்கு மலேரியாக் காய்ச்சல், ஐந்து வயது. கொயினா மாத்திரை ஒருத்தரிடம் இருந்தது. அவர் ஜப்பான்காரன் அடித்த வாழைமர நோட்டை வாங்க மாட்டேன் என்றார். வெள்ளி கொடு என்றார்.

பாட்டி ஒரு பத்தரிடம் போயிருக்கிறார். அத்தையும் கூடப் போனாராம், பத்து வயது. "உள்ள இருக்கறத எடுத்துக் குடுங்க, மேல்தோல எனக்கு விட்ருங்க" என்று கேட்டதை அத்தை அப்படியே சொன்னார். பத்தர் கூலி வாங்கவில்லை.

15ஆம் தேதி நான் எழுதியதை அழிக்காமல் விடுகிறேன். ஆனால் அந்தப் பத்தரை நான் நினைத்தது அநியாயம்.

போர் முடிந்து தாத்தா திரும்பி வந்தார். காசு எங்கே என்று கேட்டார். பாட்டி எடுத்துக் கொடுத்தார். அவர் கையில் வாங்கி, உள்ளங்கையில் இரண்டு முறை மெல்லத் தூக்கிப் பார்த்தாராம். எதுவும் சொல்லாமல் திருப்பிப் பாட்டி கையிலேயே வைத்து மூடினாராம். அதற்குப் பிறகு அந்தக் காசைப் பற்றி வீட்டில் பேச்சே எழவில்லை.

28 ஏப்ரல்

பத்தர் புது அரக்கு வைத்து மூடிக் கொடுத்தார். இப்போது 18.3 கிராம். ஆட்டினால் சத்தம் வருவதில்லை. அக்காவுக்கு அதில் கொஞ்சம் வருத்தம்.

கடைசியாக ஒரு வேண்டுகோள். சுங்கை சிப்புட், கோலகங்சார், ஈப்போ பக்கம் யார் வீட்டு உண்டியலிலாவது 1980ஆம் ஆண்டு ஐம்பது காசு, கைக்கு இலேசாக, தட்டினால் மந்தமாக ஒலிப்பது கிடைத்தால் தயவுசெய்து செலவழித்துவிடாதீர்கள். மேசையில் ஓங்கித் தட்டவும் வேண்டாம், மூடி வளைந்துவிடும். இந்த இழையில் ஒரு வரி எழுதுங்கள், நானே வந்து வாங்கிக்கொள்கிறேன். என் மனைவியும் வருவதாகச் சொல்கிறாள்.